மாதிரி ரயில் வேகனுக்குத் துருப்பிடித்த பழைய இரும்பு லோடு: முழுமையான வழிகாட்டி

பழைய இரும்பு லோடு செய்து பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எடுத்த எடுப்பில் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். கையில் கிடைத்த திருகாணி, கடிகாரப் பல்சக்கரம், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் வேகனில் கொட்டி மேலே ஆரஞ்சு நிறம் அடித்தால், நிறம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது திருகாணிக் குவியல்தான். துண்டின் கனமும் நீளமும் சரியாக அமைந்துவிட்டால் சுமாரான நிறம்கூட எடுபடும். அதனால் இந்த வழிகாட்டியில் நிறம் பாதி தாண்டிய பிறகுதான் வரும்.

அளவுகள் எல்லாம் எச்.ஓ. ஸ்கேலுக்குச் சொன்னவை, அதாவது 87-இல் ஒரு பங்கு. மாதிரியில் 1 மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 87 மில்லிமீட்டர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

1. எந்த இரும்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உருக்காலைக்குப் போகும் பழைய இரும்பு தரம் பிரித்துத்தான் விற்கப்படுகிறது. கனமான வெட்டுத் துண்டுக்கு ஒரு விலை, தகரத்துக்கு ஒரு விலை, லேத் சுருளுக்கு ஒரு விலை. எனவே ஒரு வேகனில் பெரும்பாலும் ஒரு வகைதான் இருக்கும். எல்லா வகையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்த வேகன் நிஜத்தில் அபூர்வம், மாதிரியில்தான் அதிகம்.

இதை நேரில் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. நம் பாலக்காட்டுப் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. கஞ்சிக்கோட்டு உருக்காலைகளுக்குப் போகும் லாரிகளை வாளையார் பக்கம் 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் நின்றாலே பார்க்கலாம். கோவை போகிறவர்கள் உக்கடத்துக் காயலாங்கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். குவியலை முழுதாக எடுத்த படத்தைவிட, ஒரு முழத் தூரத்தில் நின்று நாலைந்து துண்டுகளை எடுத்த படம்தான் வேலைக்கு உதவும்.

புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது கனமான வெட்டுத் துண்டு லோடு. வியாபாரத்தில் எச்.எம்.எஸ். (ஹெவி மெல்ட்டிங் ஸ்கிராப்) என்று சொல்கிறார்களே, அதுதான். தகர லோடு பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் மெல்லிய தகட்டைக் கையாளப் பழக்கம் வேண்டும். லேத் சுருள் லோடு செய்வது சுலபம், கண்ணுக்குத்தான் சப்பென்று இருக்கும். அழுத்திய பண்டல் லோடை இரண்டாவதாகச் செய்யலாம்.

2. அளவும் உயரமும்

அமெரிக்கத் தரப் பட்டியலில் எச்.எம்.எஸ். 1 என்றால் துண்டின் கனம் கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, நீளம் 60 அங்குலத்தையும் அகலம் 24 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. உலையில் போடும் தொட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் காரணம். நம் நாட்டு வியாபாரத்திலும் இதே பெயர்கள்தான் புழங்குகின்றன. இதை எச்.ஓ.வுக்கு மாற்றினால் அதிகபட்ச நீளம் 17.5 மி.மீ., அகலம் 7 மி.மீ., குறைந்தபட்சக் கனம் 0.07 மி.மீ.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். விசிட்டிங் கார்டின் கனமே ஏறக்குறைய 0.3 மி.மீ. இருக்கும். அது நிஜத்தில் 26 மி.மீ. கனத் தகடு! அட்டையிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் வெட்டிய துண்டுகள் பிஸ்கட் மாதிரித் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது லோடின் உயரம். இந்திய ரயில்வேயின் பாக்ஸ்-என் என்ற திறந்த வேகனின் உள்நீளம் 9.784 மீட்டர், அகலம் 2.95, உயரம் 1.95. கொள்ளளவு சுமார் 56 கன மீட்டர், ஏற்றும் எடை சுமார் 58 டன். எஃகு ஒரு கன மீட்டருக்கு 7.85 டன். அப்படியென்றால் தண்டவாளத் துண்டுகளை இடைவெளியே இல்லாமல் அடுக்கினால் கால் மீட்டர் உயரத்திலேயே எடை முடிந்துவிடும். தாறுமாறாகக் கிடப்பதற்கு இடம் விட்டாலும் மாதிரியில் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் வராது. கனமான வெட்டுத் துண்டு பாதிக்கு மேல் வரும். தகரமும் சுருளும் வேகன் நிறைய, நடுவில் விளிம்பைத் தாண்டியும் குவியலாம்.

தண்டவாளத் துண்டுகளை விளிம்பு வரை நிரப்பிய வேகன் ஒன்றை ரயில்வேக்காரர் யாரிடமாவது காட்டிப் பாருங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்.

மாதிரிக் கடைகளில் கிடைக்கும் திறந்த வேகன்கள் பெரும்பாலும் அமெரிக்க கோண்டோலாக்கள். அங்கே பழைய இரும்பு இந்த வேகன்களில்தான் ஆலைக்குப் போகிறது, அதனால் லோடு பொருத்தமாகவே இருக்கும். 52 அடி 6 அங்குல கோண்டோலா மாதிரியில் 184 மி.மீ. நீளம். சுவர் குட்டை என்பதால் லோடின் மேற்பரப்பு நன்றாகக் கண்ணில் படும். கூடுதல் கவனம் தேவை.

3. ஆரம்பிப்பதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை

உலோகத்துக்கு மூன்று கனத்தில் அலுமினியம் வேண்டும். சமையலறை ஃபாயில் நிஜத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை மி.மீ. தகரத்துக்குச் சமம். ஹோட்டலில் குருமா கட்டித் தரும் அலுமினிய டப்பா ஐந்தாறு மி.மீ. தகட்டுக்குச் சமம். குளிர்பான கேன் எட்டு, ஒன்பது மி.மீ. தகடு. இந்த மூன்றிலேயே முக்கால்வாசி லோடு முடிந்துவிடும், செலவும் கிடையாது.

கம்பிக்கு மெல்லிய மின் வயரின் செப்பு இழைகள். 0.2 மி.மீ. இழை நிஜத்தில் 17 மி.மீ. கம்பி. தண்டவாளத்துக்கு, மாதிரித் தண்டவாளத்தில் கோடு 70 (Code 70) என்ற அளவின் மிச்சம்: 1.78 மி.மீ. உயரம் நிஜத்தில் 155 மி.மீ., நம் ரயில்வேயின் மீட்டருக்கு 52 கிலோ தண்டவாளத்தின் 156 மி.மீ.க்கு அச்சாகப் பொருந்துகிறது. கோடு 100 வேண்டாம், உயரம் கூடிவிடும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால், சில இடங்களுக்கு மட்டும் ஃபெவிக்விக். அடித்தளத்துக்குத் தெர்மாகோலும் சன்போர்டும் (பிளாஸ்டிக் நுரை அட்டை). அக்ரிலிக்கில் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், கருப்பு, வெள்ளை. மேட் வார்னிஷ். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இரண்டு பழைய தூரிகைகள், ஒரு சிறு இடுக்கி.

தூள் நிறத்துக்கு வெளிநாட்டு வெதரிங் பவுடர் வாங்க வேண்டியதில்லை. சிமென்ட் தரைக்குப் போடும் சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆக்சைடு தூள் ஹார்டுவேர் கடையில் நூறு கிராம்கூடத் தருவார்கள். நல்ல சரக்கு என்றால் மூன்றும் இரும்பு ஆக்சைடுதான், துருவும் அதேதான். கோலத்துக்குக் கரைக்கும் காவியும் அந்தக் குடும்பமே. பாலக்காட்டுக்கு மேற்கே அங்காடிப்புறம் பக்கம் போகிறவர்கள் வெட்டுக்கல் (செம்புரைக்கல்) அறுத்த இடத்தில் ஒரு கைப்பிடித் தூள் அள்ளி வாருங்கள். வேட்டித் துணியில் சலித்தால் அதன் செம்மஞ்சள் எந்தக் கடைத் தூளிலும் வராத இயல்போடு இருக்கும். குங்குமம், சாயப்பொடி இரண்டும் வேண்டாம். சாயம் வார்னிஷில் கரைந்து ஓடும், நாளடைவில் வெளுக்கும்.

4. காந்தச் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்

உண்மையான இரும்புத் தூளும் ஸ்டீல் உல்லும் கையில் இருக்கும்போது எதற்கு அலுமினியம் என்று தோன்றும். என்ஜின் மோட்டாரில் காந்தம் இருக்கிறது, அதனால்தான். லோடிலிருந்து உதிரும் ஒரு சிறு இரும்புத் துகள் தண்டவாளத்தில் கிடந்து, மேலே போகும் என்ஜின் அதை இழுத்துக்கொண்டால் பல்சக்கரமோ மோட்டாரோ கெடும். தண்டவாள நடுவில் வேகன் இணைப்பைக் கழற்றும் காந்தம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: உண்மையான இரும்பு லோடு வேகன் அந்த இடம் வந்ததும் தானாக நகரும்.

அதனால் மேசைக்கு வரும் ஒவ்வொரு பொருளையும், தூள் உட்பட, காகிதத்தில் சுற்றிய காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஒட்டுவதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். கருப்பு ஆக்சைடு பல சமயம் காந்தத்தில் ஒட்டும். அதற்குப் பதில் அடுப்புக்கரியை நைஸாக அரைத்துக்கொள்ளலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரிலும் ஒட்டுகிறது, ஒட்டாதது என்று இரண்டும் உண்டு. சுருள் லோடுக்கு லேத் பட்டறையில் பித்தளைத் துருவல் கேட்டு வாங்குங்கள். பம்ப் உதிரிகளை லேத்தில் கடையும் பட்டறைகள் கோவையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. துருவலில் கட்டிங் ஆயில் இருக்கும், சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்தால்தான் பெயிண்ட் பிடிக்கும்.

வினிகரில் இரும்பை ஊறவைத்து நிஜத் துருவே உண்டாக்கும் முறையும் உண்டு. வேகன் லோடுக்கு அதை நான் சொல்லமாட்டேன். மிச்சமிருக்கும் அமிலமும் உப்பும் அச்சையும் சக்கரத்தையும் அரிக்கும். அதைவிட முக்கியம், வினிகரோடு பிளீச்சைக் கலக்கச் சொல்லும் குறிப்பு எங்கே கண்டாலும் பின்பற்றாதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

5. கழற்றக்கூடிய அடித்தளம்

லோடை வேகனுக்குள் நேரடியாக ஒட்டாதீர்கள். காலி வேகனாக ஓட்ட முடியாமல் போகும், சக்கரம் மாற்றவும் சிரமம்.

வேகனின் உட்பகுதியைக் காகிதத்தில் வைத்து அளந்து, நான்கு பக்கமும் அரை மி.மீ. குறைத்துச் சன்போர்டில் ஒரு தட்டு வெட்டுங்கள். பெயிண்டும் பசையும் ஏறியபின் ஓரம் கொஞ்சம் பருக்கும். இறுக்கமாக வெட்டியவர்கள் எல்லாருமே பிறகு உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கிறார்கள்.

தட்டின் மேல் தெர்மாகோலைச் செதுக்கி மேடு உண்டாக்குங்கள். கிரேன் ஒரே இடத்தில் கொட்டுவதில்லை. நீளமான வேகனில் இரண்டு மூன்று இடத்தில் கொட்டும், அங்கங்கே மேடும் நடுவில் பள்ளமும் இருக்கும். ஒரே சீரான முதுகு போலச் செதுக்கினால் நிலக்கரி லோடு மாதிரி ஆகிவிடும். ஓரங்கள் சுவர் விளிம்புக்குக் கீழேயே நிற்கட்டும். முடிந்ததும் தெர்மாகோல் முழுக்க அடர்பழுப்பு அக்ரிலிக் பூசுங்கள். பின்னால் எந்த இடுக்கில் வெள்ளை எட்டிப் பார்த்தாலும் அத்தனை உழைப்பும் கெட்டுவிடும்.

மேட்டின் உச்சியில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்ன இரும்பு வாஷரைப் பதித்து ஒட்டுங்கள். மேலே காந்தம் காட்டினால் லோடு கையோடு வரும். காந்தம் ஆகாது என்று இப்போதுதான் சொன்னேன், ஆனால் இது உதிராமல் ஒட்டிய ஒற்றைத் துண்டு, தண்டவாளத்திலிருந்து உயரத்திலும் இருக்கிறது. தொந்தரவு வராது.

எடையையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி எச்.ஓ. வேகனுக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். பாக்ஸ்-என் அளவு வேகனுக்கு இது ஏறக்குறைய 90 கிராம், 52 அடி கோண்டோலாவுக்கு 130 கிராம். குறைந்தால் டயர் கடையில் கிடைக்கும் ஒட்டு வெயிட்டைத் தட்டின் அடியில் ஒட்டுங்கள். மேலே வைத்தால் வளைவில் வேகன் சாயும்.

6. துண்டுகள் செய்வது

அதிக நேரம் பிடிக்கும் வேலை இது. அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். தட்டின் பரப்பை மூடத் தேவைப்படும் என்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு துண்டுகள் செய்து வையுங்கள். ஒட்டிக்கொண்டே வெட்டினால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் வந்துவிடும், கை அப்படித்தான் பழகும்.

வெட்டுவதற்கு முன் அலுமினியத்தின் இரு பக்கத்தையும் பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரால் மங்கலாகும் வரை தேய்த்துக் கழுவுங்கள். கேனின் வெளிப்பக்க அச்சும் உள்பக்க லாக்கரும் பெயிண்டைப் பிடிக்க விடாது. கேன் விளிம்பு பிளேடு மாதிரிக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தகடு: கேன் அலுமினியத்தில் 4 முதல் 7 மி.மீ. அகலத்தில், நீளம் 17-க்கு மிகாமல். நேர்ச்சதுரமாக வெட்டாதீர்கள். கேஸ் கட்டரில் அறுத்த தகடு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கோணலாகவும் இருக்கும். சிலவற்றில் ஒரு மூலையை வட்டமாகக் கத்தரியுங்கள், ஏதோ ஒரு பெரிய தகட்டில் வளையம் அறுத்த மிச்சம் போல இருக்கும். வெட்டிய பின் ஒவ்வொன்றையும் இலேசாக வளையுங்கள், முறுக்க வேண்டாம். எட்டு மி.மீ. தகடு கசங்காது. வளையத்தான் வளையும்.

ஆங்கிள்: 2 மி.மீ. பட்டையை இரும்பு ஸ்கேல் விளிம்பில் வைத்து நீளவாக்கில் மடித்தால் நிஜத்தில் 87 மி.மீ. ஆங்கிள். 3 மி.மீ. பட்டையை இரண்டு இடத்தில் மடித்தால் சேனல். தூரத்திலிருந்தே இரும்பு என்று அடையாளம் சொல்லுபவை இவைதான். கணிசமாகச் செய்யுங்கள்.

குழாய்: ஃபாயிலைத் தையல் ஊசியிலோ ரீஃபில் முனையிலோ இரண்டு சுற்றுச் சுற்றி ஃபெவிகால் தொட்டு உருவுங்கள். பாதிக் குழாய்களின் வாயை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். பட்ஸ் குச்சியை வெட்டிப் போடுகிறார்கள், அதன் சுவர் கனம் பார்த்ததுமே காட்டிக்கொடுக்கும்.

கூரைத் தகரம்: எம்5 போல்ட்டின் மரை இடைவெளி 0.8 மி.மீ., நிஜத்தில் 70 மி.மீ. ஆகிறது. ஃபாயிலை ரப்பர் ஷீட் மேல் வைத்துப் போல்ட்டை அழுத்தி உருட்டினால் அச்சு அசல் நெளிதகடு. இது தகர லோடுக்கு உரியது. கனமான லோடில் போடாதீர்கள்.

டிரம்: 200 லிட்டர் டிரம் மாதிரியில் 6.7 மி.மீ. விட்டம், 10 மி.மீ. உயரம். சரியான கனமுள்ள பென்சிலில் ஃபாயிலைச் சுற்றி எடுத்து நசுக்குங்கள். நசுங்காத டிரம் லோடில் இருக்கக் கூடாது. காலி டிரம்முக்கு இடம் கொடுத்து யாரும் வேகன் வாடகை கட்டமாட்டார்கள்.

பண்டல்: உள்ளளவு 7 மி.மீ. உள்ள சதுரக் குழாயில் கசக்கிய ஃபாயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சதுரக் குச்சியால் இடித்து, 17 மி.மீ. ஆனதும் தள்ளி எடுங்கள். ஒரே உருண்டையாகப் போட்டு இடித்தால் மடிப்புகள் தெரியாது. சிறு சிறு துண்டாகப் போட்டால்தான் அடுக்கடுக்காக வரும்.

கடைசியில் எல்லா வகையிலும் மிஞ்சிய சிறு வெட்டுகளை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே நறுக்கி ஒரு மூடியில் சேர்த்து வையுங்கள். குவியலின் இடுக்கை நிரப்புவது இதுதான். இது இல்லாத லோடு எப்போதும் பொம்மைத்தனமாகவே இருக்கும்.

7. மூன்று டப்பா: அடிவண்ணம்

ஒட்டிய பிறகு பெயிண்ட் அடித்தால் மேல் துண்டின் அடியில் தூரிகை போகாது, பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளி பளிச்சிடும். ஸ்பிரே அடித்தாலோ அதன் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அதனால் முதலில் வண்ணம், பிறகுதான் ஒட்டுதல்.

துண்டுகளை விரித்துப் போட்டு ரெட் ஆக்சைடு மெட்டல் பிரைமரை ஸ்பிரேயில் இரு பக்கமும் மெல்லியதாக அடியுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு ஃபாயில் துண்டெல்லாம் பறந்து போகும், பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடியுங்கள். இடவப்பாதி மழை நாளில் பிரைமர் காய ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததன் மேல் அக்ரிலிக் ஏற்றினால் தோலாக உரியும்.

பிரைமரின் செங்கல் நிறத்தையே துரு என்று விட்டுவிடுவது பரவலான தவறு. அது பிரைமர் அடித்த புது இரும்பின் நிறம், துருவின் நிறம் இல்லை.

பிறகு மூன்று ஊறுகாய் டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அம்பரும் கொஞ்சம் கருப்பும், இரண்டாவதில் அம்பரும் சியன்னாவும் சமமாக, மூன்றாவதில் கருப்பும் வெள்ளையும் துளி அம்பரும் சேர்த்த சாம்பல். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் கலவையை மோர் பதத்துக்குக் கரைத்து, துண்டுகளைப் பிரித்துப் போட்டு, மூடிக் குலுக்கிச் செய்தித்தாளில் கொட்டுங்கள். பாதித் துண்டுகள் முதல் டப்பாவுக்கு, மிச்சத்தில் பெரும்பங்கு இரண்டாவதற்கு, கொஞ்சம் மட்டும் மூன்றாவதற்கு. ஒரே குவியலில் வெவ்வேறு வயதுத் துரு கிடப்பது இந்தக் கட்டத்திலேயே அமைந்துவிடும். பின்னால் தூரிகையால் இதைக் கொண்டுவர முயல்வது வீண் பாடு.

ஒரு சில துண்டுகளுக்கு மட்டும் பழைய பெயிண்ட் மிச்சம் கொடுங்கள். பழுப்பு காய்ந்ததும் ஈரப்படுத்தி, தூள் உப்பைத் தூவிக் காயவிட்டு, மங்கிய நீலமோ மஞ்சளோ பூசி, காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்துத் தண்ணீரில் அலசுங்கள். ஒரு வேகனுக்கு ஐந்தாறு துண்டு போதும்.

8. ஒட்டுவது

காந்தக் கிரேன் மேலிருந்து விடுகிறது, துண்டுகள் விழுந்து படுக்கின்றன. நீளமானவை படுத்திருக்கும், சரிவில் சாய்ந்திருக்கும். செங்குத்தாக நிற்பது அபூர்வம். இதை மறந்து கம்பிகளை நட்டுவைப்பவர்கள் நிறைய.

பெரிய தகடுகளை முதலில், தூய ஃபெவிகாலில் சாய்வாக ஒட்டுங்கள். ஓர் அடுக்கு காய்ந்தபின் ஆங்கிளும் குழாயும். எந்தத் துண்டும் வேகன் சுவருக்கு இணையாக இருக்கக் கூடாது. கை தன்னையறியாமல் அடுக்கத் தொடங்கும், அதைத் தடுக்க ஒவ்வொரு பத்துத் துண்டுக்கும் தட்டைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நறுக்கலைப் பள்ளங்களில் தூவி, தண்ணீரில் பாதிக்குப் பாதி கரைத்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திர சோப் கலந்து டிராப்பரால் விடுங்கள். சோப் இல்லாவிட்டால் பசை முத்தாக உருண்டு நறுக்கலை ஒதுக்கிவிடும்.

ஃபெவிக்விக் செப்பு இழைக்கும் தண்டவாளத் துண்டுக்கும் மட்டும். அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும், தெர்மாகோலையும் அரிக்கும்.

ஒட்டிய லோடைக் கவிழ்த்து இலேசாகத் தட்டுங்கள். உதிர்வது இப்போதே உதிரட்டும்.

9. துரு ஏற்றுவது

காயலாங்கடையில் கிடக்கும் ஓர் ஆங்கிள் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். உள்மூலையில் மழைத் தண்ணீர் தேங்கியதால் அங்கே துரு தடித்துச் செதில் செதிலாக, ஏறக்குறையக் கருப்பாக இருக்கும். வெளிமுனை மற்ற இரும்போடு உரசி உரசி மங்கிய பளபளப்போடு இருக்கும். கேஸில் அறுத்த முனை நீலச் சாம்பல், அதன் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. பளிச்சென்ற ஆரஞ்சு புதிதாக ஈரம் பட்ட இடத்தில் மட்டும்தான். பழகப் பழகத் துரு கறுக்கும். லேத் சுருள் மட்டும் விதிவிலக்கு, பரப்பு அதிகம் என்பதால் சீக்கிரத்தில் முழுக்க ஆரஞ்சாகிவிடும்.

அதே வரிசையில் போங்கள். முதலில் அம்பரும் கருப்பும் தண்ணீர் போலக் கரைத்து லோடு முழுக்க ஒரு கழுவல். இடுக்குகளில் தேங்கும், மேடுகளில் வழியும். காய்ந்தபின் சியன்னாவில் துளி ஆக்கர் கலந்து, ஸ்பான்ஜ் துணுக்கால் அங்கங்கே ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஒரு துண்டை ஒற்றினால் பக்கத்துத் துண்டை விட்டுவிடுங்கள்.

பிறகு தூள். சிவப்பு ஆக்சைடைத் தனியாகப் போட்டால் குங்குமம் கொட்டினது போல ஆகும். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, கரித்தூள் ஒன்று என்று கலந்து, அதிலிருந்து கண்ணளவில் மாற்றிக்கொண்டே போங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். உலர்ந்த தூரிகையால் இடுக்கில் வைத்து, ஆல்கஹால் தொட்ட தூரிகை நுனியால் பக்கத்தில் தொட்டால் தூள் தானாக உள்ளே இழுக்கப்படும். வெட்டுக்கல் தூள் இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே, மிகக் கொஞ்சம்.

கடைசியாகச் சாம்பல் நிறத்தைத் தூரிகையில் எடுத்து, துணியில் ஏறக்குறைய முழுவதையும் துடைத்துவிட்டு, ஆங்கிள் முனைகளிலும் தண்டவாளத் தலையிலும் மட்டும் இழுங்கள். சில வெட்டு முனைகளுக்கு நீலச் சாம்பல் ஒரு புள்ளி. வெள்ளி பெயிண்ட் வேண்டாம்.

இந்த வேலையை எந்த விளக்கில் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாத் துருவும் அழகாகத்தான் இருக்கும். மாதிரி ரயில் ஓடும் லேஅவுட்டில் வெள்ளை எல்.இ.டி. இருந்தால் அதே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

10. நிலைநிறுத்துவது

மேட் வார்னிஷை மெல்லியதாக, சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரே ஒரு கோட். வார்னிஷ் பட்டதும் தூள் நிறம் ஒரு படி இருளும், மஞ்சள் பாதி காணாமல் போகும். அதனால் தூளை நினைத்ததைவிடச் சற்று வெளிர்ப்பாகவே விட்டிருக்க வேண்டும். காய்ந்தபின் மறைந்த இடங்களில் மீண்டும் தூள் வைத்து, வார்னிஷ் இல்லாமல் விட்டுவிடலாம். லோடைத் தூக்க வாஷர் இருக்கிறது, மேற்பரப்பில் கைபட வேண்டிய அவசியம் இல்லை. ஸ்பிரே கேன் என்றால் பக்கவாட்டில் தெர்மாகோல் திறந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அடியுங்கள்.

11. வேகனின் உட்புறம்

பழைய இரும்பு ஏற்றும் வேகனின் உள்சுவரில் பெயிண்ட் நிற்காது. லோடுக்கு மேலே தெரியும் சுவர்ப் பகுதிக்கு அம்பர் பூசி, சாம்பலில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் இழுத்து, மேல்விளிம்பில் துருத்தூள் தொடுங்கள். விளிம்பில் ஓரிரு இடத்தில் இலேசான நெளிவு இருந்தால் இன்னும் நல்லது, கிரேன் இடித்த இடம் அது. உள்ளே புத்தம் புதிதாக இருக்கும் வேகனில் துருப்பிடித்த லோடு வைத்தால் இரண்டும் ஒட்டாது.

12. எல்லாம் செய்தும் சரியாகத் தெரியவில்லை என்றால்

ஒரே நிறக் கட்டியாகத் தெரிகிறதா? தூள் அதிகம். ஈரத் தூரிகையால் சில துண்டுகளை மட்டும் துடைத்து அடிவண்ணத்தை வெளியே கொண்டுவாருங்கள். மேலே கொஞ்சம் சாம்பல் துண்டுகளை ஒட்டினாலும் சரியாகும்.

பளபளக்கிறதா? ஃபெவிகால் மேலே ஏறிக் காய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மேட் வார்னிஷைத் தூரிகையால் தொட்டு, ஈரம் இருக்கும்போதே தூள் தூவுங்கள்.

துண்டுகள் பெரிதாகத் தெரிகின்றனவா? பக்கத்தில் 20 மி.மீ. உயர மனித பொம்மையை நிறுத்துங்கள். அவன் தூக்கவே முடியாத அளவில் எல்லாத் துண்டும் இருந்தால் சிறு நறுக்கல் போதவில்லை என்று பொருள். பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியதில்லை. மூடியில் மிச்சம் இருக்கும் நறுக்கலைப் பெரிய தகடுகளின் மேலேயே தூவி, கரைத்த ஃபெவிகால் விட்டு, 9-ஆம் படியின் கழுவலை அந்த இடத்துக்கு மட்டும் திரும்பச் செய்யுங்கள்.